பூஜ்ஜிய அகலம்

இடது கீழ்மூலை: டிசம்பர் இருபத்தெட்டு, பூஜ்ஜியம்.
வலது மேல்மூலை: ஏப்ரல் நான்கு, எண்பது சென்டிமீட்டர்.
நிரப்பு நிறம் வெளிர்நீலம். ஓரக்கோடு வேண்டாம்.
எண்டரைத் தட்டினால்
ஒரு குளிர்காலம் முழுசாக வந்து உட்காருகிறது.

தொண்ணூற்றெட்டு நாள்.
அத்தனை நாளும் கரைக்கும் குவோரெசாரித் தீவுக்கும் நடுவே
கடல்மேல் லாரி ஓடியது.
ஔலுவில், மூன்றாம் மாடியில், சாலைத்துறை அலுவலகத்தில்
நான் அதற்கு மூலைகள் தட்டச்சு செய்கிறேன்.

முதல் வாரம் செவ்வகங்கள்
பனித்தடிமனின் கறுப்புக் கோட்டை விழுங்கிவிட்டன.
'பின்னால்' என்று ஒரே ஒரு சொல் சேர்த்தேன்.
கோடு மேலே மிதந்து வந்தது,
நீலம் அதன் முதுகுக்குப் போனது.

அப்புறம் ஒரு கூத்து.
மூலைகளைத் தேதியில் வைக்காமல் தாளின் அளவில் வைத்துவிட்டேன்.
அச்சை நீட்டியதும் கோடு நகர்ந்தது,
செவ்வகம் நகரவில்லை.
ஜூலை நடுவில் பனிச்சாலை!
"நீந்திக்கொண்டே ஓட்டலாம்" என்றாள் பக்கத்து மேசை வெல்லமோ.
அன்றிலிருந்து ஒவ்வொரு மூலையையும்
தேதியிலேயே கட்டிப்போடுகிறேன்,
படகை முளையில் கட்டுவதுபோல.

இரண்டாயிரத்து மூன்றின் செவ்வகத்தை இரண்டாக வெட்டினேன்.
மார்ச் பதினொன்றில் பால்வண்டி உள்ளே போனது.
பனிமேல் ஓட்டுபவர்கள் இருக்கைப்பட்டி போடுவதில்லை;
அதனால்தான் எய்னார் பெல்த்தாரி ஜன்னல் வழியே வெளியே வந்தார்.
சாலை இரண்டு நாள் மூடல்.
இந்த அளவுகோலில் இரண்டு நாள் என்பது
திரையில் ஒரு புள்ளிகூடத் தேறாது.
இருந்தாலும் வெட்டினேன்.
பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு அந்தக் கீறல் தெரியும்.

தொண்ணூற்றொன்றின் குறிப்பேடு வெள்ளத்தில் நனைந்து போயிற்று.
அதற்குச் சாம்பல் சாய்கோடுகள்.
'தெரியாது' என்பதற்கு நிறம் கொடுக்க முடிகிறது.

போன குளிர்காலம்தான் சிக்கல்.
சாலை திறக்கவே இல்லை.
திறந்த தேதி, மூடிய தேதி
இரண்டுக்கும் ஒரே நாளைக் கொடுத்துப் பார்த்தேன்.
மென்பொருள் முணுமுணுக்கவில்லை, பிழை காட்டவில்லை,
பணிவாக ஒரு செவ்வகம் வரைந்தது,
அகலமே இல்லாமல்.
ஓரக்கோடு போட்டால் ஒல்லியாக ஒரு குச்சி நிற்கிறது;
ஒரு நாள் திறந்தது என்று பொய் சொல்கிறது.

"சிவப்பில் நிரப்பு, கூட்டத்தில் எடுபடும்" என்றார் மேலதிகாரி.
சிவப்பு என்றால் ஏதோ நடந்தது என்று பொருள்.
அங்கே எதுவும் நடக்கவில்லை, ஐயா.
கோடு மட்டும் பத்தொன்பது சென்டிமீட்டர் வரை ஏறி,
படுக்கப்போய் மனம் மாறிய நாய்போல
எழுந்து போய்விட்டது.
வழக்கமான தேதிகளில் புள்ளிக்கோட்டுச் சட்டம் ஒன்று
வரைந்து பார்த்தேன், அழித்தேன்.
வராத சாலைக்கு மூலைகள் எங்கிருந்து எடுப்பது?

வெள்ளையாகவே விட்டேன்.

குவோரெசாரி பள்ளிக்கூடத்தில் கூட்டம்.
குளிர்காலம் முழுக்கப் படகு ஓட்ட யார் பணம் தருவது
என்று ஒன்றரை மணிநேரம்.
சுவரில் என் வரைபடம்,
நாற்பது வருடம் நீலப் பலகைகளாக,
வலப்பக்கம் போகப் போக ஒடுங்கிக்கொண்டு.
யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.
காபி ஆறிக்கொண்டிருந்தது.

பெல்த்தாரி எழுந்து வந்தார்.
முதலில் இரண்டாயிரத்து மூன்றை மூக்கு உரசும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தார்.
கீறலைக் கண்டாரா, தெரியவில்லை.
பிறகு கடைசி வெள்ளைக்கு நகர்ந்து
உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.
கை சரியாகப் பொருந்தியது.
ப்ரொஜெக்டர் அவர் புறங்கைமேல்,
நரம்புகளுக்குக் குறுக்கே,
கறுப்புக் கோட்டை வரைந்தது.

"இவ்வளவுதானா?" என்று கேட்டார்.
இவ்வளவுதான் என்றேன்.
யாரோ விளக்கைப் போட்டார்கள்.